படிச்சிட்டு அழிச்சிரு தம்பி

தம்பி,

சாப்டியா. இங்க எல்லாரும் நல்லாருக்கோம், அம்மாவுக்கு முட்டி வலி, அது பழைய கதை. மூணு வாரமா நீ அம்மாகிட்ட ரெண்டு நிமிஷம் பேசிட்டு வச்சிர்ற, வேல ஜாஸ்தின்னு நெனச்சுக்கிறேன். சவுதி தம்மாம் வெயில்ல அந்த கவரால் உடுப்பப் போட்டுக்கிட்டு நாள் பூரா நின்னா தொடை இடுக்கெல்லாம் வேர்த்து ஊறித்தான் போகும். அதப்பத்தி தான் எழுதுறேன். போன்ல பேசுனா பக்கத்துல உங்கம்மா காத வச்சுக்கிட்டு நிப்பா.

போன லீவுல நீ கெணத்தடியில குளிக்கும்போது துண்டு குடுக்க வந்தேன்ல, தொடையில செகப்பா கோடு கோடா பாத்தேன். டக்குனு திரும்பிக்கிட்ட. அது படர்தாமரையால வந்த கோடு இல்லடா, நீ தடவுற ஆயின்மெண்டால வந்தது. எப்டி தெரியும்னா எனக்கும் அதே கோடு இருக்கு. பென்ஷன் ஆபீஸ்னு பொய் சொல்லிட்டு போன மாசம் தோல் டாக்டர பாத்துட்டு வந்தேன்.

அந்த டியூப்ல ஸ்டீராய்டு இருக்காம். தடவுன ரெண்டே நாள்ல அரிப்பு அடங்கிரும், நாம சரியாயிருச்சுன்னு நெனப்போம், உள்ளுக்குள்ள பூஞ்சை பாட்டுக்கு வளந்துக்கிட்டு இருக்கும், நிறுத்துனா முன்னவிட பெருசா வட்டத்துக்குள்ள வட்டமா கெளம்பும், ஒடனே திரும்ப தடவுவோம். இடுக்குல தோலு மெலிசுங்கிறதால மருந்த ஜாஸ்தி உறிஞ்சி வெங்காயச் சருகு மாதிரி ஆயிருது, வேர்வை பட்டாலே எரியுது. விழுந்த கோடு முழுசா மறையாதாம்.

டியூப திருப்பி பொடி எழுத்தப் படி. க்ளோபெட்டசால், க்ளோட்ரிமசோல்னு ரெண்டு பேர டாக்டர் எழுதிக் காட்டுனாரு. அத்தன ஸ்டாப்பையும் மனப்பாடமா வச்சிருந்த கண்டக்டர் எனக்கே கொழம்புது. மொதல்ல சொன்னது ஸ்டீராய்டு, ரெண்டாவது பூஞ்சைக்கு. மெத்தசோன்னு முடிஞ்சாலும் ஸ்டீராய்டு தான். ஒரே டியூப்ல ரெண்டையும் கலந்தும் விக்கிறான். 2018லயே டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டாச்சாம், யாரு கேக்குறா.

எரியுதுன்னு டெட்டால் ஊத்தாத, பூண்டு அரைச்சு வைக்காத, வெந்து போகும். டாக்டர்ட்ட காமி, எத்தன வருஷமா தடவுறன்னு மறைக்காம சொல்லு. மாத்திர குடுத்தா அரிப்பு நின்னதும் நிறுத்தாத, சொன்ன நாள் வரைக்கும் சாப்புடு. ரூம்ல ஆறு பேரு துண்டும் ஒரே கொடியில தொங்குதே, ஒனக்குத் தனியா வச்சுக்க. ஜட்டிய ஈரத்தோட மாட்டாத. டாக்டர்ட்ட காமி. பாஷை தெரியாத ஊருக்குப் போயி ஃபோர்மேன் ஆயி நம்ம வீட்டுக்கு தளம் போட்டவன் நீ, தெருவே பேசுது, ஒரு டாக்டர் முன்னாடி வேட்டிய ஒதுக்க வெக்கமாடா ஒனக்கு.

வெக்கத்தப் பத்தி நான் பேசக்கூடாது. நீ பிளஸ் டூ படிக்கும்போது நடக்க முடியாம கால அகட்டி வச்சு வந்த, 2009. காக்கி பேண்ட்டுக்குள்ள எனக்கும் அதே அரிப்பு, பஸ் ஸ்டாண்ட் மெடிக்கல்ல வாங்குன என் டியூபத்தான் பாதி பிதுக்குனத உன் கையில குடுத்து, யார்ட்டயும் சொல்லாதன்னு சொன்னேன். நீ இன்னவரைக்கும் சொல்லல. போன மாசம் அந்த டாக்டர், வீட்ல வேற யாருக்கும் இருக்கான்னு கேட்டாரு. இல்ல சார்னுட்டேன்.

நீ லீவுல வந்து இருவது நாளும் மாடியில தான் படுத்த. வெக்கைக்குன்னு உங்கம்மா நம்புறா. செல்வி ஒண்ணும் கேக்கல, அந்தப் புள்ள எதையுமே கேக்காது. இப்ப அவளும் இடுப்புல சொறியிறா, பாவாட நாடா இறுக்கம்னு சொல்றா. நேத்து ஜன்னல்ல அந்த டியூப் இருந்துச்சு. வீட்ல எத்தன பேருக்கு இருக்கோ எல்லாரும் ஒண்ணா மருந்து எடுத்தாத்தான் தீருமாம், இல்லைன்னா ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தருக்கு சுத்திக்கிட்டே இருக்குமாம். மாமனார் நான் எப்டிடா அதப் போயி அவகிட்ட கேப்பேன்.

வியாழக்கெழம திரும்ப வரச் சொல்லிருக்காரு. உங்கம்மா கூட அவளையும் கூட்டிட்டுப் போறேன். அதுக்கு முன்னாடி அவளுக்குப் போன் போடு, அம்மா போனுக்கு இல்ல, அவ போனுக்கு. டியூப் போட்டோ எனக்கு அனுப்பு, பின்னாடி பக்கம் தெரியணும். அவ தண்ணி எடுக்கப் போயிருக்கா, வர்றதுக்குள்ள இத அனுப்பிர்றேன்.

அப்பா