“தேடுவது என்ன பெரிய வித்தையா?”

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழாய்வின் தரம் தேய்ந்துபோனது பற்றிச் சென்ற இதழில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். முழுக் கட்டுரையோடும் எனக்குச் சண்டை இல்லை. நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: “நூலகத்தில் தேடுவது என்ன பெரிய வித்தையா? படிக்கத் தெரிந்தவனுக்குத் தேடத் தெரியாதா? இன்றைய மாணவனுக்குச் சோம்பல், அவ்வளவுதான்.” தாங்களும் அதை அப்படியே அச்சிட்டிருக்கிறீர்கள். பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வுபெற்றவள் நான். பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்திய நூலகவியலின் தந்தை என்கிறோமே, அந்த எஸ்.ஆர். ரங்கநாதனும் படிக்கத் தெரிந்தவர்தான். சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை நூலகராக்கியபோது, ‘படித்தவர்தானே, பார்த்துக்கொள்வார்’ என்று விட்டுவிடவில்லை. நூலகத் தொழிலைக் கற்றுவர லண்டனுக்கு அனுப்பியது. அப்படிக் கற்றுவந்ததால்தான் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகள் பற்றிய நூலும், 1933இல் நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண்ணிடும் கோலன் பகுப்புமுறையும் வந்தன. வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது அவருடைய நான்காம் விதி. தங்களுக்குத் தெரியாததல்ல. அவருக்கே கப்பலேறிப் போய்க் கற்கவேண்டியிருந்த ஒன்று, எம்.ஏ. முடித்த கையோடு ஆய்வுக்குப் பதிவு செய்யும் பெண்ணுக்குத் தானாக வந்துவிட வேண்டுமாம். ஆகஸ்ட் 12ஆம் தேதி நூலகர் தினத்தன்று ரங்கநாதன் படத்துக்கு மாலை போடும்போது பேராசிரியர்களும்தான் வந்து கைதட்டுகிறார்கள். அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட்டவர் அவர். மாலை போட்டவர்களின் துறை நூலகத்திலோ பீரோவுக்குப் பூட்டு. சாவி துறைத்தலைவரின் மேசை இழுப்பறையில். அவர் அன்று விடுப்பு.

சோம்பல் என்கிறாரே, நான் பார்த்த சோம்பலைச் சொல்கிறேன். ஆய்வு மாணவி ஒருத்தி உ.வே.சா. பதிப்பு ஒன்றைத் தேடி எங்கள் நூலகக் கணினியின் முன் நிற்கிறாள். தமிழில் ‘சாமிநாதையர்’ என்று தட்டுகிறாள், ஒன்றும் வரவில்லை. வராது. அந்தப் பட்டியலைக் கணினியில் ஏற்றிய காலத்தில் தமிழ் எழுத்திலேயே ஏற்றவில்லை. சரி என்று ஆங்கில எழுத்துக்குப் போகிறாள். எஸ் போட்டு, எஸ்ஸுக்குப் பக்கத்தில் டபிள்யூ சேர்த்து, ஐயருக்கு ஐ போட்டு, அப்புறம் ஏ போட்டு, விதவிதமாக அடித்துப் பார்க்கிறாள். எங்கள் பழைய பதிவுகள், தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுத அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வகுத்த எழுத்துப்பெயர்ப்பு முறையைப் பார்த்துச் செய்தவை. அந்த முறையில் நம் சகரத்துக்கு ஆங்கில எழுத்து ‘சி’ (C). அவள் எஸ் வரிசையில் பொழுது சாயும்வரை நின்றாலும் கிடைக்காது. “இந்த லைப்ரரில அது இல்லபோல மேடம்” என்று பையை எடுக்கப் போனவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஆசிரியர் பெயரை விடு, நூற்பெயரில் ஒரு சொல்லை மட்டும் போடு, நூல் எந்தப் பொருளில், எந்தத் தட்டில் என்று காட்டும் பகுப்பு எண் கிடைக்கும், அதை எழுதிக்கொள், அந்த எண்ணுள்ள தட்டுக்கு நேராகப் போய் இடமும் வலமும் பார் என்று சொல்லிக்கொடுத்தேன். பத்து நிமிட வேலை. தேடிய நூலோடு, அவள் கேள்வியே பட்டிராத ஒரு பழைய பதிப்பையும் தூசி தட்டி எடுத்து வந்தாள். “இதை ஏன் மேடம் யாருமே சொல்லித்தரல?” என்று கேட்டாள். பேராசிரியர்தான் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சொல்லித்தர எங்களை எங்கே விட்டார்கள்? கல்வியாண்டின் முதல் நாள் தொடக்க விழாவில் நூலகருக்கு அரை மணி நேரம் தருவார்கள். துணைவேந்தர் பேச்சு நீண்டுவிட்டால் அதுவும் பத்து நிமிடமாகிவிடும், வெளியே தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். பையை வெளியே வையுங்கள், போனை அணையுங்கள், தாமதித்தால் அபராதம் என்று சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அப்புறம் நூலகரைத் தேடுவது, கல்வி நிறுவனங்களுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வரும்போதுதான். அப்போது மட்டும் புத்தகங்களுக்குத் துடைப்பம் படும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகள் திடீரென்று பெருகும். மற்ற நாட்களில் தேர்வறைக் கண்காணிப்பு, சேர்க்கைப் பிரிவில் சான்றிதழ் சரிபார்ப்பு, விருந்தினருக்குச் சால்வை வாங்கி வருவது எல்லாம் என் ஆராய்ச்சி.

2019 கடைசியில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு நல்ல காரியம் செய்தது. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கிற எல்லோரும் ஆய்வு, பதிப்பு அறம் பற்றிய 2 கிரெடிட் பாடம் படித்தாக வேண்டும் என்று விதித்தது. 30 மணி நேரப் பாடம், ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் தரவுத்தளங்களும் அதில் உண்டு. இனியாவது கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். பாடத்தைத் துறையிலேயே எடுத்துக்கொண்டார்கள். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்று அந்தத் தரவுத்தளங்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதி, வரையறை சொல்லி, நோட்டில் எழுதவைத்து முடித்துவிட்டார்கள். கணினியைத் திறந்து ஒரு கட்டுரையையாவது தேடவைத்தார்களா? ‘தரவுத்தளம் என்றால் என்ன? விளக்குக’ என்று தேர்வில் கேள்வி மட்டும் வந்தது. தமிழ் ஆய்விதழ்களை ஸ்கோபஸில் தேடி எத்தனை கிடைக்கிறது என்று பார்த்திருந்தால், தமிழ் மாணவருக்கு வேறு வழி காட்ட வேண்டும் என்பதாவது புரிந்திருக்கும்.

மாணவர்களுக்கு என் பெயர் தெரியவந்ததெல்லாம், ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருளில் பார்த்துத் தரும் ஒப்புமைச் சான்று வாங்க வரும் அன்றுதான். மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. எனவே ஆய்வின் கடைசி லட்சியம் ‘பத்துக்குள்ள கொண்டு வரணும் மேடம்’ என்பதாகிவிட்டது. ஒருவர் ஆய்வேட்டைப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் இல்லாததால் மென்பொருளுக்கு அது வெறும் கிறுக்கல். ஒப்புமை பூஜ்யம் என்று காட்டியது. நெறியாளர் பூரித்துப்போய் எனக்கு இனிப்புக் கொடுத்தனுப்பினார்! இதே எழுத்துருக் கோளாறால்தான், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் ஏற்றிய பழைய தமிழ் ஆய்வேடுகள் பலவற்றின் உள்ளே ஒரு சொல்லைக்கூடத் தேட முடியவில்லை. மூலநூலைப் பார்க்காமல் அடிக்குறிப்பை மட்டும் ஓர் ஆய்வேட்டிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துவைப்பார்கள். பக்க எண்ணிலிருந்த தட்டச்சுப் பிழையும் அட்சரம் பிசகாமல் கூடவே வரும். பேராசிரியர் நெறியாளராக இருந்தபோது ஒரு அடிக்குறிப்பையாவது தட்டிலிருந்து நூலை எடுத்துச் சரிபார்க்கச் சொன்னாரா என்று கேட்க ஆசை. மரியாதை கருதிக் கேட்கவில்லை.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அரசு மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. மகிழ்ச்சி. உள்ளே நுழைந்து எதை, எப்படித் தேடுவது என்று சொல்லித்தர ஒரு ஆள் வேண்டாமா? நான் ஓய்வுபெற்ற இடத்தை இன்னும் நிரப்பவில்லை. தொகுப்பூதியத்தில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கும் சால்வை வாங்கும் வேலைதான். மறைமலையடிகளின் நூல்கள் சென்னைக் கன்னிமாரா நூலகத்தில் இருப்பதும், கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த பழைய இதழ்களைச் சென்னையில் போய்ப் பார்க்கலாம் என்பதும், தமிழ் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே படிக்க முடியும் என்பதும் தெரியாமல் ஆய்வேட்டை முடித்தவர்கள் உண்டு. அவர்களே இன்று நெறியாளர்கள்.

சரி, புலம்பல் போதும். இத்தனைக்கும் தாங்கள் பொறுப்பில்லை. ஆனால் தங்கள் கையில் ஒரு வேலை இருக்கிறது. தங்கள் இதழில் எப்போதோ வந்த ஒரு கட்டுரையைக் கேட்டு மாணவர்கள் வருவார்கள். ஆண்டும் மாதமும் தெரியாது. ஆண்டு அட்டவணை கிடையாதே, நான் கட்டுக்கட்டாகப் புரட்ட வேண்டும். ஒவ்வொரு டிசம்பர் இதழிலும் நான்கு பக்கம் ஒதுக்கி, அந்த ஆண்டு வந்த கட்டுரைகளை ஆசிரியர் பெயர் வாரியாகவும் பொருள் வாரியாகவும் போட்டுவிடுங்கள். ஆள் இல்லை என்றால் முதல் அட்டவணையை நானே செய்து தருகிறேன், சன்மானம் வேண்டாம். ஒன்றே ஒன்று: சந்தா கட்டியும் சென்ற ஆண்டு மார்ச் இதழ் எனக்கு வந்து சேரவில்லை. போனிலும் சொன்னேன், கடிதமும் போட்டேன். அதை மட்டும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
கும்பகோணம்.