புதிய நிர்வாக இயக்குநருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பொறுப்பேற்ற பின் நடந்த முதல் கூட்டத்தில் ஊழியர் கருத்துக் கணிப்பின் முடிவுகளைத் திரையில் காட்டி, மேலாளர்கள் மீது பெரிய குறை எதுவும் இல்லை என்று மகிழ்ச்சியுடன் குறிப்பிட்டீர்கள். அதை நம்பி அடுத்த ஆண்டுக்கான முடிவுகளை எடுத்துவிடுவீர்களோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் படிவத்தில் பெயர் கேட்கப்படுவதில்லை என்பது உண்மையே. ஆனால் எந்தத் துறை, எந்தப் பதவி, எத்தனை ஆண்டுப் பணி என்ற மூன்றையும் நிரப்பியாக வேண்டும். ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள குழுவில் அதற்குமேல் பெயர் எதற்கு? ஒருமுறை, வேலை நேரம் முடிந்த பிறகும் அழைப்புகள் வருவதாக யாரோ எழுதியிருந்ததற்கு, எங்கள் மேலாளர் குழுவைக் கூட்டி, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "இதை எழுதியது யார்?" என்று கேட்டார். அடுத்த கணிப்பில் எங்கள் குழு முழு மதிப்பெண் பெற்றது. அதற்காக அவருக்குப் பாராட்டும் கிடைத்தது.

எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, அவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, நல்ல தலைமை உள்ள குழுக்களிலேயே தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கிருந்தவர்கள் தவற்றை வெளியே சொல்ல அஞ்சவில்லை என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். குறையே இல்லாத குழு எது என்று தேடி, அங்கிருந்து உங்கள் விசாரணையைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எல்லா மேலாளர்களும் ஒன்றல்ல. பக்கத்துத் துறையில் ஒரு பணி தவறிப்போனபோது, அதன் மேலாளர் வாடிக்கையாளரிடம் தாமே பேசிப் பொறுப்பேற்றார். மறுநாள் குழுவிடம் யார் செய்தது என்று கேட்காமல், நடைமுறையில் எந்த இடத்தில் இது நழுவியது என்று கேட்டார். அவர் குழுவுக்கு மாற்றல் கேட்டு எங்களில் பலர் காத்திருக்கிறோம்.

ஆண்டு மதிப்பீட்டையும் சொல்லியாக வேண்டும். எல்லோரும் நன்றாக உழைத்த ஆண்டிலும் குழுவில் ஒருவருக்குக் கடைசி ரேட்டிங் கொடுத்தே தீர வேண்டும் என்ற 'பெல் கர்வ்' முறை இங்கே இன்னும் நீடிக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இத்தகைய முறையை 2013-லேயே கைவிட்டது. ஒருவர் உயர இன்னொருவர் இறங்கியாக வேண்டும் என்ற ஏற்பாட்டில், தெரிந்ததைப் பக்கத்து இருக்கைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கவே மனம் தயங்குகிறது. அந்த ரேட்டிங்கை எழுதுபவரும் அதே மேலாளர்தான் என்பதால், குறை சொல்லும் துணிவு எவருக்கும் வருவதில்லை.

விலகும் நாளிலாவது உண்மை வெளிவரும் என்று மனிதவளத் துறை எண்ணுகிறது. அடுத்த நிறுவனம் இதே மேலாளரிடம்தான் விசாரிக்கும் என்று அறிந்தவர்கள், 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

அடுத்த கணிப்பை வெளியார் நடத்தட்டும். பத்துப் பேருக்குக் குறைவான குழுவின் பதில்கள் தனியாக எவர் கைக்கும் போக வேண்டாம். அதற்கு முன்பாகவே, கடந்த சில ஆண்டுகளில் விலகியவர்களின் பட்டியலை மேலாளர் வாரியாகப் பிரித்துத் தரும்படி கேளுங்கள். அந்தத் தகவல் இப்போதே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதற்காக எங்களில் எவரும் வாய் திறக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஊழியர்களுள் ஒருவர்