துணிப் பிரிமணையில் நாங்கள் செய்திருக்கும் மாற்றம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சாப்பாட்டு மேசையில் சூடான பாத்திரத்தை வைப்பதற்காக எங்கள் தையலகத்தில் தைத்துத் தரும் துணிப் பிரிமணைகள், இரண்டு மாதங்களாக முன்பைவிடத் தட்டையாகவும் கனமாகவும் இருப்பதையும், விலை கூடியிருப்பதையும் உங்களில் பலர் கவனித்துக் கேட்டீர்கள். "பஞ்சைக் குறைத்துவிட்டு விலையை ஏற்றிவிட்டீர்களா?" என்று ஓர் அம்மா கடையிலேயே நேரில் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். கைக்குத் தட்டையாகத் தெரியும் பொருளுக்குக் கூடுதல் பணம் கேட்டால் காரணம் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. பஞ்சை நாங்கள் குறைக்கவில்லை, மாற்றியிருக்கிறோம். ஏன் மாற்றினோம் என்பதை இந்த மடலில் முழுமையாகச் சொல்லிவிட விரும்புகிறோம்.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு, திருப்பாதிரிப்புலியூரில் இருந்து வரும் எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் தாம் வாங்கிய பிரிமணையை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லை அதன்மேல் வைத்திருக்கிறார். மேல்துணி பழுப்பேறிக் கருகியதோடு நிற்காமல், உள்ளே இருந்த பஞ்சு உருகித் துணியின் வழியாகக் கசிந்து கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. சுரண்டி எடுப்பதற்கு அவருக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. நாங்கள் அந்தப் பிரிமணையைப் பிரித்துப் பார்த்தபோது, பருத்தி என்று எங்களிடம் விற்கப்பட்ட பஞ்சுத் தாளில் (பஞ்சைத் தாள்போல் பரப்பிச் சுருளாக விற்பது) பாதிக்குமேல் பாலியஸ்டர் கலந்திருந்தது தெரிந்தது. வாங்கிய அன்றே ஒரு துண்டைக் கிள்ளி எரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதைச் செய்யாதது எங்கள் தவறு. தோசைக்கல்லைத் துணியின்மேல் வைக்கக் கூடாது என்று விற்கும்போது சொல்லாததும் எங்கள் தவறுதான்.

எரித்துப் பார்ப்பது எளிய சோதனை. நீங்களும் வீட்டில் செய்யலாம். சிறு துணுக்கை இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேலே நீட்டி, தீக்குச்சியைக் காட்ட வேண்டும். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிவதைப் போல எரிந்து, காகிதம் கருகும் வாசனை வந்து, ஊதினால் பறக்கும் சாம்பல் மிஞ்சும். பாலியஸ்டராக இருந்தால் நெருப்பைக் கண்டதும் சுருங்கி, உருகிச் சொட்டி, ஆறியபின் நசுக்க முடியாத கறுத்த மணியாக இறுகிவிடும். இரண்டும் கலந்திருந்தால் சாம்பலுக்குள் அந்த மணிகள் கைக்குத் தட்டுப்படும். இப்போது பஞ்சுத் தாளின் ஒவ்வொரு சுருளிலும் மேல், நடு, அடி என மூன்று இடங்களில் துணுக்கு எடுத்து இப்படிச் சோதித்த பிறகே தைக்கத் தொடங்குகிறோம். மேல்துணியையும் நூலையும்கூட விடுவதில்லை.

பாலியஸ்டர் உருகுவது சுமார் 250 முதல் 260 டிகிரி செல்சியஸில். பருத்தி உருகுவதே இல்லை. சூடு மிஞ்சினால் பழுப்பேறும், கருகும், அதற்கும் மேலே போனால்தான் தீப்பிடிக்கும். நம் வீட்டுப் பாத்திரங்களை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். கொதிக்கும் ரசம் 100 டிகிரி. விசில் வரும் நேரத்தில் பிரஷர் குக்கரின் உள்ளே சுமார் 120 டிகிரி. வடை பொரிக்கும் எண்ணெய் 170 முதல் 190 டிகிரி வரை. இவற்றில் எதுவும் பாலியஸ்டரை உருக்கிவிடாது என்று தோன்றலாம். ஆனால் உருகும் நிலைக்கு வெகு முன்பே அது இளகத் தொடங்கும். இளகிய பஞ்சின்மேல் ஐந்தாறு கிலோ எடையுள்ள குக்கர் உட்கார்ந்தால், அமுங்கிய பஞ்சு மறுபடி எழும்பாது. புதிதில் தலையணைபோல் உப்பியிருந்த பழைய பிரிமணைகள் ஆறே மாதத்தில் நடுவில் குழிவிழுந்து, அந்தக் குழியின் வழியாகச் சூடு மேசைக்கு இறங்கியதற்கு இதுவே காரணம்.

சூட்டைத் தடுப்பது உண்மையில் பஞ்சு அல்ல, பஞ்சின் இழைகளுக்கிடையே அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்று. நம் பாட்டிமார்கள் வைக்கோலையும் தென்னை நாரையும் முறுக்கிச் செய்த பிரிமணை இதே வழியில்தான் வேலை செய்தது. பாத்திரத்தின் அடி வளையத்தில் மட்டும் பட்டது, மற்ற இடமெல்லாம் காற்று. அடி உருண்ட மண்சட்டிக்கும் வெண்கலப் பானைக்கும் இன்றும் அந்தப் பிரிமணைதான் சிறந்தது. எங்கள் துணிப் பிரிமணையில் அவை நிலைகொள்ளாமல் சாயும் என்பதால், அத்தகைய பாத்திரத்துக்கென்று கேட்டு வருகிறவர்களிடம் எங்களுடையதை வாங்க வேண்டாம் என்றே சொல்லி அனுப்புகிறோம். அடி தட்டையான பாத்திரங்களுக்குத்தான் துணிப் பிரிமணை.

இலவம் பஞ்சு ஏன் வைப்பதில்லை என்றும் சிலர் கேட்டீர்கள். இலவ இழை உள்ளே குழல்போல் வெறுமையாக இருப்பதால் காற்றை நன்றாகத் தேக்கிவைக்கும், சூட்டைத் தடுப்பதில் அதற்குக் குறையில்லை. ஆனால் இழை வழுவழுப்பாக, மெழுகு படிந்து இருப்பதால் ஒன்றோடொன்று பற்றி நிற்காமல், இரண்டு துவைப்பில் மூலைக்கு ஒதுங்கிவிடுகிறது. அதைவிட முக்கியம், அது மிக எளிதில் தீப்பற்றும். தலையணையில் இருக்க வேண்டியதை அடுப்பங்கரைக்குக் கொண்டுவர எங்களுக்கு மனமில்லை. வெள்ளித்தாள் போல் மின்னும் பஞ்சுத் தாளும் கடைகளில் கிடைக்கிறது. அது அலுமினியம் பூசிய பாலியஸ்டர் படலம். எதிரே இருந்து வீசும் அனலைத் திருப்பி அனுப்ப உதவும். ஆனால் பாத்திரம் நேராக மேலே உட்காரும்போது பருத்தியின் துணையில்லாமல் அது போதாது. மைக்ரோவேவ் அடுப்புக்குள் போய்விட்டால் தீப்பொறி பறக்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே அதையும் தவிர்த்துவிட்டோம்.

இப்போதைய பிரிமணை நான்கு அடுக்கு கொண்டது: மேலே கைத்தறிப் பருத்தி, நடுவில் இரண்டு அடுக்குப் பருத்திப் பஞ்சுத் தாள், அடியில் கனமான காடா. தைப்பதற்கு முன் துணியையும் பஞ்சுத் தாளையும் தனித்தனியே நனைத்து, பிழியாமல் பரப்பி உலர்த்துகிறோம். பருத்திப் பஞ்சுத் தாள் முதல் நனைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கும். தைத்த பிறகு உங்கள் வீட்டில் அது சுருங்கினால் ஓரம் அலை அலையாக இழுத்துக்கொண்டு, பாத்திரம் நிலையில்லாமல் ஆடும். வெயில் இல்லாத நாட்களில் இந்த ஒரு வேலைக்கே இரண்டு நாள் போய்விடுகிறது.

உலர்ந்ததும் 9 அங்குலச் சதுரமாக வெட்டி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஊசி குத்தி அடுக்குகளை நிறுத்திவைத்து, பதினாறாம் நம்பர் ஊசியிலும் பருத்தி நூலிலும் குறுக்குச் சதுரங்களாக ஓட்டித் தைக்கிறோம். தையலின் நீளம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பொடித் தையல் போட்டால் துணி ஊசித் துளைகளால் கிழிந்துபோகும். வரிசைக்கு வரிசை ஒன்றரை அங்குலம் விடுகிறோம். நெருக்கமாகத் தைத்தால் பார்க்க அழகு, ஆனால் தையல் ஓடும் ஒவ்வொரு கோட்டிலும் பஞ்சு அமுங்கிக் காற்று வெளியேறிவிடும். அழகுக்காக அரை அங்குல இடைவெளியில் தைத்துத் தரச் சொல்லி ஒரு திருமண வீட்டார் கேட்டபோது, பரிசாகச் சுவரில் மாட்டிவைக்க என்றால் தருகிறோம், பாத்திரம் வைக்க என்றால் வேண்டாம் என்று சொன்னோம். அவர்களும் புரிந்துகொண்டு ஒன்றரை அங்குலத்துக்கே ஒப்புக்கொண்டார்கள்.

நான்கு அடுக்கும் இயந்திரத்தின் அடியில் ஒன்றாக நகராது. அடித்துணி முன்னே ஓடும், மேல்துணி பின்தங்கிச் சுருக்கம் விழும். இதற்காக மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற தையல் இயந்திரப் பாதம் ஒன்று வாங்கியிருக்கிறோம். ஓட்டித் தைத்தபின் 8 அங்குலமாக ஒழுங்குசெய்து, துணியின் மூலைவாட்டில் வெட்டிய இரண்டே கால் அங்குல அகலக் கிராஸ் துண்டை இரட்டையாக மடித்து ஓரம் கட்டி, ஒரு மூலையில் ஆணியில் மாட்டத் தோதாக ஒரு வளையம் வைக்கிறோம். நேர்த்துணியில் வெட்டிய பட்டி மூலையில் திரும்பும்போது கூம்பி நிற்கும், மூலைவாட்டில் வெட்டியது வளைந்து கொடுத்துப் படியும். துணி அதிகம் செலவானாலும் கிராஸ் துண்டையே வைத்திருப்பதற்கு அதுதான் காரணம். முன்பு அரை மணி நேரத்துக்குள் முடிந்த ஒரு பிரிமணைக்கு இப்போது முக்கால் மணி நேரம் ஆகிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது பற்றி. மற்றவற்றைவிட இதைத்தான் மனத்தில் வைத்துக்கொள்ளக் கேட்கிறோம்: ஈரமான பிரிமணையை எந்தக் காரணம் கொண்டும் பயன்படுத்த வேண்டாம். அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்தும். பஞ்சுக்குள் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் அது பிரிமணையாக இருக்காது, சூட்டை நேராக இறக்கிவிடும் வழியாகிவிடும். ஈரத்துணியைப் பிடித்துச் சூடான பாத்திரத்தைத் தூக்கினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கையைச் சுட்டுவிடும். கரித்துணியை நனைத்துப் பிடித்தால் சுடாது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. முதல் ஓரிரு நொடிகள் குளிர்ச்சியாக இருப்பதால் வந்த நம்பிக்கை அது. பாத்திரம் கையில் இருக்கும்போதே அது பொய்த்துப்போகும், அப்போது கீழே போடவும் முடியாது, பிடித்திருக்கவும் முடியாது.

நம் ஊருக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போதே பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு நீரை இழுத்துவைத்திருக்கும். கடலோரத்தில் இருக்கும் நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரம் அதைவிட மிக அதிகம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த சமயத்தில், பரணில் பாலித்தீன் சுற்றிவைத்திருந்த பஞ்சுத் தாள்கூட ஈரம் இழுத்துப் பூசண வாசனை அடித்தது. அதை ஒதுக்கிவிட்டோம். ஆகவே மழைக்காலத்தில் பிரிமணையை மேசையிழுப்பறையில் மடித்து வைக்காமல், வளையத்தில் மாட்டிக் காற்றாட விடுங்கள். அடுப்பின் சுவாலைக்கு அருகே மட்டும் மாட்ட வேண்டாம். வெயில் வரும் நாளில் ஒரு மணி நேரம் போட்டு எடுத்தால் போதும்.

மீன் குழம்புச் சட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மண்சட்டி, அடி தட்டையாகவே இருந்தாலும், அடுப்பை விட்டு இறக்கிய பிறகும் சில நிமிடங்களுக்குக் குழம்பைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும். அவ்வளவு சூட்டைத் தன்னுள் தேக்கியிருக்கிறது. மெருகிடாத சட்டியின் அடியில் ஈரமும் கசியும். அதற்கு இரண்டு பிரிமணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சாப்பிட்டு முடித்ததும் மேலே இருந்ததை உலர்த்திவிடுங்கள்.

பழைய தேக்கு மேசை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அரக்கைக் கரைத்துப் பூசும் அந்தக் காலத்துப் பாலீஷ் சுமார் 75 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், அதாவது ரசம் கொதிக்கும் சூட்டுக்கு வெகு கீழே. சூடும் ஈரமும் சேர்ந்து பாலீஷுக்குள் போனால் வெண்மேகம் போன்ற வட்டம் விழுகிறது. எங்கள் பழைய பிரிமணையால் அப்படி ஒரு வட்டம் விழுந்ததாக இருவர் சொன்னார்கள், அதற்காக வருந்துகிறோம். கண்ணாடி மேசையில் ஒரே இடம் திடீரெனச் சூடேறினால் விரிசல் விடும், அங்கும் பிரிமணை அவசியம்.

தோசைக்கல், வெறுமையாகக் காய்ந்த இரும்பு வாணலி, எண்ணெய்ச் சட்டி ஆகியவற்றை அடுப்பிலிருந்து எடுத்து நேராக எங்கள் பிரிமணையில் வைக்க வேண்டாம். நன்றாகக் காய்ந்த கல் 200 டிகிரியைத் தாண்டும், பருத்தியும் கருகும். அவற்றுக்கு இரும்பு முக்காலியே சரி. மைக்ரோவேவுக்குள்ளும் எந்தப் பிரிமணையையும் வைக்க வேண்டாம்.

துவைப்பதற்குப் பச்சைத் தண்ணீரும் சாதாரண சோப்பும் போதும். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறினால் பயப்பட வேண்டாம். அலசியபின் வெயிலில் போட்டால் அந்தக் கறை நாளடைவில் மங்கிவிடும். முறுக்கிப் பிழியாமல் உள்ளங்கைகளுக்கு இடையே அழுத்தி நீரை எடுத்து, நடுப்பகுதி உள்வரை உலர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகே மேசைக்குக் கொண்டுவாருங்கள். மேல்துணி காய்ந்து, உள்ளே ஈரமிருப்பதுதான் அதிகம் ஏமாற்றும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியும்.

8 அங்குலப் பிரிமணையின் விலை முன்பு 80 ரூபாய், இப்போது 120 ரூபாய். கூடுதலான 40 ரூபாயில் பெரும்பகுதி பருத்திப் பஞ்சுத் தாளுக்கும், மீதி தைப்பவர்களின் கூடுதல் நேரத்துக்கும் போகிறது. ஜோடியாக வாங்கினால் 230 ரூபாய்.

பழைய பிரிமணைகளில் ஓரப் பட்டியை வெள்ளை நூலால் தைத்திருந்தோம். புதியவற்றில் பழுப்பு நூல். உங்கள் வீட்டில் வெள்ளை நூல் தைத்தது இருந்தால், எவ்வளவு பழையதாக இருந்தாலும், கறை பட்டிருந்தாலும், கொண்டுவந்து கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாகப் புதியதைப் பணமின்றிப் பெற்றுக்கொள்ளுங்கள். ரசீது தேவையில்லை. பொங்கல் வரை ஞாயிறு தவிர எல்லா நாட்களிலும் காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை மாற்றித் தருகிறோம். ஒரே நாளில் பலர் வந்தால் கையிருப்பு தீர்ந்துவிடக்கூடும். அப்போது உங்கள் பெயரை எழுதிக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் தைத்து வைக்கிறோம். வெளியூரில் இருப்பவர்கள் இங்கு வரும் உறவினர் யாரிடமாவது கொடுத்தனுப்பினாலும் போதும்.

இப்படிக்கு,
தையலகத்தார்