முக்கால் மணி நேரம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜூன் 21 இசைத் திருநாள் வந்தால் நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைப் பக்கம் எங்களைப் போன்ற சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு நல்ல வேலை. போன முறை நான் செட் போட்ட மேடையில் நாலு பையன்கள் சொந்தமாக அமைத்த ஸ்பேஸ் ராக் (எக்கோவில் மிதக்கிற மாதிரி நீளமாகப் போகும் ராக் இசை) வாசித்தார்கள். பாதியிலேயே விழா நடத்துகிறவர்களிடமிருந்து ஆள் வந்துவிட்டது: "சினிமாப் பாட்டு தெரியுமா கேளுங்க, இல்லன்னா இறங்கச் சொல்லுங்க." இறங்கிவிட்டார்கள்.

இந்த விழாவே 1982இல் பிரான்சில் தொடங்கியதுதான். அதே பிரான்சில் வளர்ந்த 'காங்' (Gong) என்ற ஸ்பேஸ் ராக் குழுவை இவர்கள் மேடையேற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதன் தலைவர் டேவிட் ஆலன் ஆஸ்திரேலியர். 1967இல் சாஃப்ட் மெஷின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவோடு பிரான்சுக்கு வாசிக்கப் போனவரை, முன்பு விசா முடிந்தும் தங்கியதற்காகப் பிரிட்டன் திரும்ப உள்ளே விடவில்லை. சரி என்று பாரிசிலேயே தங்கி, பாடகி கில்லி ஸ்மித்தோடு காங்கைத் தொடங்கினார். கிடார் கம்பிமேல் உலோகத் தண்டைத் தேய்த்து எக்கோவில் மிதக்க விடுவார். அதன்மேல் கில்லி கிசுகிசுப்பார். இந்தச் சத்தம் அடுக்கடுக்காகச் சேர்ந்து நிற்கவே சில நிமிடம் பிடிக்கும். அதற்குள் நிறுத்தினால் கேட்பவர்களுக்கு மிஞ்சுவது வெறும் கீச்சொலிதான். மிக்ஸர் முன்னால் உட்காருகிறவனுக்கு இது தெரியும்.

ஹிட் பாட்டு என்று அவர்களுக்கு ஒன்றும் கிடையாது. பிரான்சில் சான்ஸ் (Sens) என்ற நகருக்குப் பக்கத்தில் காட்டோரம் ஒரே வீட்டில் தங்கி வாசித்தார்கள். 1971இல் வந்த ஆல்பத்தை 1974இல் பிரிட்டனில் 59 பென்சுக்கு, அதாவது ஒரு சிங்கிள் ரெக்கார்டு விலைக்கு விற்றார்கள். 1973, 74இல் டீ கெட்டிலில் பறந்து வரும் குள்ளர்களின் கதையை மூன்று ஆல்பமாகப் போட்டார்கள் (நம்மூர் மேடையில் இதைச் சொன்னால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள்!). 1975இல் ஆலன் விலகினார், பின்னாளில் திரும்பி வந்தார், 2015இல் காலமானார். தனக்குப் பிறகும் குழு தொடர வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டபடி இன்றும் வாசிக்கிறார்கள்.

நடத்துகிறவர்கள் ஒரு மேடையையாவது சொந்த இசைக்கு ஒதுக்க வேண்டும். குழுவுக்கு முக்கால் மணி நேரம், மதியமே சவுண்ட் செக். கூட்டம் கலையும்தான், கலையட்டுமே. பக்கத்து மேடையில் சினிமாப் பாட்டு இருக்கத்தானே போகிறது! அப்புறம், செலவு என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். அந்த மேடைக்கு, வாசிக்கிறவர்களுக்குத் தங்கள் சத்தம் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் இரண்டை வாடகை இல்லாமல் நானே போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.