போனில் கைது செய்ய முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு நாள் என் மாமனார் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் வெளியே வரவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "அப்புறம், அப்புறம்" என்றார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, அதன் முன் கைகட்டி உட்கார்ந்திருந்தார். திரையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன். அவருடைய ஆதார் எண்ணில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டதாம். வீட்டில் மூச்சு விட்டால் கைதாம். மனிதர் காலமெல்லாம் கணக்கு எழுதியவர். கத்தரிக்காய் வாங்கினாலும் சில்லறையை இருமுறை எண்ணுவார். பயம் வந்துவிட்டால் படிப்பாவது, அனுபவமாவது!

நல்லவேளை, வைப்புத்தொகையை உடைக்க வங்கிக்குக் கிளம்பும்போது தடுத்துவிட்டோம்.

போலீஸ் வேடம் போட்ட மோசடிக்காரர்கள் இப்படிப் போனிலேயே மிரட்டிப் பணம் பறிக்கச் சொல்லும் 'டிஜிட்டல் கைது' என்று நம் சட்டத்தில் எதுவும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொன்னார். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால் முடக்கி வைக்க வாய்ப்புண்டு. எத்தனை பெரியவர்களுக்கு இந்த எண் தெரியும்? ரேஷன் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதலாமே. வைப்புத்தொகையைப் பாதியில் உடைக்க வரும் முதியவரிடம், "யாராவது போனில் சொன்னார்களா ஐயா?" என்று வங்கி ஊழியர் ஒரு வார்த்தை கேட்கலாம்.

இப்போதெல்லாம் தெரியாத எண் என்றால் போன் நேராக மாமியார் கைக்குப் போய்விடுகிறது. அவர் போடும் சத்தத்தில் எதிர்முனை தானாகவே துண்டிக்கிறது.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்