நான் நகர்த்தி வைத்த புட்டி

எருசலேம்
செவ்வாய் இரவு

அன்பு மகனே,

உன் வகுப்பில் யூதரல்லாத ஒருவர் நம் ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கிறார், அது கூடாது என்று நீ அவரோடு சண்டை போட்டாய் என்று நேற்று போனில் சொன்னாயே, அதை உன் அம்மாவிடம் முழுதாகச் சொல்லவில்லை. வகுப்பில் ஒருவரோடு வாக்குவாதம் என்று மட்டும் சொன்னேன். "யார் முதலில் குரலை உயர்த்தினார்கள்?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

நீ சொன்ன சட்டம் சரிதான். யூதராக மாறாமலே நம் கடவுளை ஏற்று நோவாவின் வழியில் நடப்பவர்களுக்கு ஏழு கட்டளைகள். ஓய்வுநாள் அந்த ஏழில் இல்லை. நம் பழைய சட்ட ஆசானான ரபி ரம்பாம் அரசர்களைப் பற்றிய சட்டங்களில், பத்தாம் அதிகாரம் ஒன்பதாம் விதியில் கறாராகவே எழுதியிருக்கிறார்: ஒன்று யூதராக முழுதாக மாறி வரட்டும், இல்லையென்றால் தன் ஏழில் நிற்கட்டும், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதை நீ அவருக்கு வாசித்துக் காட்டினாய். அதற்கு அடுத்த விதியை வாசித்தாயா? மற்றக் கட்டளைகளில் ஒன்றைப் பலன் வேண்டிச் செய்ய விரும்பினால் அவரைத் தடுக்கக் கூடாது என்கிறது பத்தாம் விதி. ஒரே அதிகாரம், அடுத்தடுத்த வரி. ஓய்வுநாளுக்காக வெள்ளி மாலை அவர் வீட்டில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுவது இதில் எந்தப் பக்கம் சேரும் என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாதாடியிருக்கலாம். நல்ல வாதமாக இருந்திருக்கும்.

நீயோ "இது உங்கள் சொத்து இல்லை" என்றாய். "உங்கள் ரபிகள் கடவுளுக்கே வேலி போட்டவர்கள்" என்றார் அவர். அவர் சொன்னதும் தப்புதான், நான் பூசி மெழுகவில்லை. ஆனால் நீ உன் வீட்டில் நின்று பேசினாய். அவர் தன் வீட்டை விட்டுவிட்டு வந்தவர். முப்பது வருஷம் போன தேவாலயத்துக்கு இப்போது போவதில்லை, கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்று நீதானே சொன்னாய். அங்கும் இடமில்லை, இங்கும் "உனக்கில்லை" என்றால் அவர் எங்கே போய் உட்காருவார்?

பழங்கால ஆசான்களான ரபி யோகனானும் ரேஷ் லாகிஷும் உறவு கெட்டுப்போன கதை உனக்கு மனப்பாடம். கத்தியும் வாளும் எப்போது முழுமை பெறுகின்றன, உலையிலா தண்ணீரிலா என்பதுதான் பேச்சு. அந்தச் சூட்டில் யோகனான், முன்னாள் கொள்ளைக்காரரான தன் மைத்துனரைப் பார்த்து, "கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியும்" என்றுவிட்டார். ரேஷ் லாகிஷ் நோயில் விழுந்து செத்தே போனார். யோகனானுக்குப் புதிதாக ஒரு படிப்பாளியைத் துணைக்கு அனுப்பினார்கள். அந்த ஆள் எதைச் சொன்னாலும் "உங்களுக்கு ஆதரவாக ஒரு சான்று இருக்கிறது" என்பார். யோகனான் வெறுத்துப் போனார். ரேஷ் லாகிஷ் இருபத்துநாலு கேள்வி கேட்பான், நான் இருபத்துநாலு பதில் சொல்வேன், அப்படித்தான் சட்டம் விரியும் என்று அழுதார். சட்டம் பற்றிய சண்டை ஆளைப் பற்றிய சண்டையானது ஒரே ஒரு வாக்கியத்தில்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ அப்போது கைக்குழந்தை. நோவாவின் வழியில் நடக்கும் ஒருவர் வெள்ளி இரவு நம் மேசைக்கு வந்திருந்தார். மரியாதைக்காக எனக்கு ஊற்றலாமென்று திராட்சை ரசப் புட்டியை எடுக்கக் கை நீட்டினார். யூதரல்லாதவர் தொட்டு ஊற்றினால் நாம் குடிப்பதில்லையே, நான் ஒன்றும் பேசாமல் புட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டேன். அவர் கை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு பக்கத்திலிருந்த உப்புக் கிண்ணத்தை எடுத்து, தேவையே இல்லாமல், தன் ரொட்டியில் தூவிக்கொண்டார். நான் சட்டத்தைக் காப்பாற்றினேன். அவர் மறுபடி வரவில்லை.

கொதிக்க வைத்த ரசமாக இருந்தால் யார் ஊற்றினாலும் தடையே கிடையாது. கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். விதி எனக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. ஆகவே முன்கூட்டி யோசிக்க வேண்டியவனும் நான்தான். இன்றைக்கும் விருந்தாளி வருகிறார் என்றால் உன் அம்மா புட்டியில் "மெவுஷால்", அதாவது கொதிக்க வைத்தது, என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவாள்.

இல்லை என்று சொல்லவே கூடாது என்கிறேன் என்று நினைக்காதே. லியோனைச் சேர்ந்த கத்தோலிக்கர் எமே பாலியேர் யூதராக மாற விரும்பியபோது லிவோர்னோவின் ரபி எலியா பெனமோசெக், வேண்டாம், நோவாவின் வழியே உமக்குப் போதும் என்றுதான் சொன்னார். அதுவும் மறுப்புதான். ஆனால் பாலியேர் துரத்தப்பட்டதாக நினைக்கவில்லை. அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்.

வகுப்பு வியாழன்தானே? அதற்கு முன்னால், மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து அவரைப் போய்ப் பார். "சொத்து" என்ற வார்த்தைக்கு மட்டும் மன்னிப்புக் கேள், சட்டத்துக்குக் கேட்காதே. பிறகு அவர் கட்சியை நீ எடுத்துச் சொல். "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று அவர் சொல்லும்வரை உன் கட்சியைத் தொடாதே. சட்டத்தில் எதிரெதிராக நின்ற பழைய பள்ளிகள் இரண்டில், ஹில்லேலின் பள்ளி ஷம்மாய் பள்ளியின் வார்த்தையைத்தான் முதலில் சொல்லும், தெரியுமே. அப்புறம் ரம்பாமின் ஒன்பதாம் விதியையும் பத்தாம் விதியையும் இருவருமாக வாசியுங்கள். அதன் பிறகும் அவர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். போகட்டும், இருபத்துநாலு கேள்வி அவரும் கேட்கட்டும்.

முடிந்தால் வெள்ளி இரவு சாப்பாட்டுக்குக் கூப்பிடு. அங்கே எந்தக் கடையில் மெவுஷால் கிடைக்கும் என்று அம்மா இப்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

உன்
அப்பா