கார்டில் இருக்கும் பெயர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், ஆனால் உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் மற்ற எதையும் எழுத மனம் வரவில்லை. சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் என் பிறந்தநாளுக்குப் புத்தகக் கடை கிஃப்ட் கார்டு ஒன்று அனுப்பினாயே, அதை நான் செலவழிக்கவே இல்லை. உறையோடு அப்படியே அலமாரியில் வைத்திருந்தேன். அந்த வருடம்தான் அவர் படுக்கையில் விழுந்தார். அப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். இடையில் எப்போதாவது அந்த உறையை எடுத்துப் பார்ப்பேன். "நல்ல நாள் ஒன்று வரட்டும், அன்றைக்குப் போய் வாங்கலாம்" என்று திரும்ப வைத்துவிடுவேன்.

போன மாதம் அந்த நாள் வந்ததாகத் தோன்றிற்று. கடைக்குப் போய் இரண்டு மணி நேரம் சுற்றி மூன்று புத்தகங்களை எடுத்தேன். பில் போடும் பெண் கார்டைச் சுரண்டி எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது காலாவதியாகி எட்டு மாதமாகிறது" என்றாள். அவள் முகத்தில் வருத்தம் இருந்தது. புத்தகங்களை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். காசு வேண்டுமானால் என்னிடம் இருந்தது. அவற்றை என் காசில் வாங்கப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். நீ அந்தக் கார்டை வாங்கிய அன்றே பணம் கடைக்குப் போய்விட்டது. அன்று முதல் கடைதான் எனக்குக் கடன்பட்டிருந்தது. கணக்குப் புத்தகத்திலும் அதைக் கடனாகத்தான் எழுதுவார்கள். யாரும் வந்து கேட்காமல் போனால் ஒரு கட்டத்தில் அந்தக் கடன் வருமானமாக மாறிவிடும். அதற்கு 'பிரேக்கேஜ்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். உன் பிரியத்தைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து நான் அதைக் கடைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அமெரிக்காவில் 2009-ல் போட்ட சட்டப்படி கிஃப்ட் கார்டில் உள்ள பணம் குறைந்தது 5 வருடத்துக்குக் காலாவதியாகக் கூடாது. எல்லா ஊரிலும் அப்படி ஒரு சட்டம் வந்தால் என்னைப் போன்றவர்களுக்கு நல்லது. துக்கத்தில் இருப்பவர்களுக்குத் தேதி நினைவில் இருக்காது, இல்லையா?

நீ அதைக் கொடுத்தது சரியா என்று ஒரு நிமிடம் கூட நான் நினைக்கவில்லை. ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர் 1993-ல் ஒரு கட்டுரை எழுதினார். நமக்குக் கிடைக்கும் பரிசுப் பொருட்களை நாமே வாங்குவதாக இருந்தால், கொடுத்தவர் செலவழித்ததைவிடக் குறைவாகத்தான் அவற்றுக்குக் கொடுப்போம். பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மதிப்பு வீணாகிறது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கின்படி பணமே சிறந்த பரிசு. ஆனால் பணத்தை நீட்டினால் அதில் உறவு இருக்காது. புத்தகக் கடைக் கார்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. "உனக்குப் பிடித்தது என்ன என்று எனக்குத் தெரியும், எது என்று நீ தேர்ந்துகொள்" என்கிறது. நீ அதைத்தான் சொன்னாய். எனக்குக் கேட்டது.

அந்தக் கார்டில் என் பெயர் எங்கும் இல்லை என்பதையும் அன்றுதான் கவனித்தேன். ஒரு எண், அவ்வளவுதான். எண் யார் கையில் இருக்கிறதோ பணம் அவருடையது. மோசடிக்காரர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவள் மேலாளர் பெயரில் ஒரு செய்தி வந்ததாம். "கூட்டத்தில் இருக்கிறேன், பேச முடியாது. வாடிக்கையாளருக்குக் கொடுக்க ஐந்து கிஃப்ட் கார்டு வாங்கி, சுரண்டி, எண்ணைப் படம் எடுத்து அனுப்பு." அவள் நான்கு வாங்கி அனுப்பிவிட்டாள். ஐந்தாவதுக்கு வரிசையில் நிற்கும்போதுதான் சந்தேகம் வந்து மேலாளருக்குப் போன் போட்டிருக்கிறாள். போன நான்கும் போனதுதான். எந்த அரசு அலுவலகமும், எந்த வங்கியும், எந்த உண்மையான மேலாளரும் கிஃப்ட் கார்டு எண்ணைப் போனில் கேட்க மாட்டார்கள். உன் மகளுக்கும் இதைச் சொல்லி வை.

இனி கிரெடிட் கார்டுக்கு வருகிறேன். உன் மகள் அதை வைத்துக்கொள்ளலாமா என்றுதானே கேட்டிருந்தாய்.

எனக்கு இருபது வருடமாக ஒரு கார்டு இருந்தது. என் பெயர் புடைத்த எழுத்தில் இருக்கும், அடிக்கடி விரலால் தடவிப் பார்ப்பேன். அவர் கணக்கோடு சேர்ந்த ஆட்-ஆன் கார்டு. அவர் போன மூன்றாவது வாரம் மருந்துக் கடையில் அதை நீட்டினேன். எடுக்கவில்லை. மறுபடி தேய்த்தார்கள், எடுக்கவில்லை. வங்கிக்குப் போன் போட்டால், பிரதான அட்டைதாரர் இறந்துவிட்டதால் இணைந்த கார்டுகள் எல்லாம் மூடப்பட்டன என்று பதில் வந்தது. புதிதாக ஒன்று கேட்டேன். எனக்கென்று வருமானச் சான்று இல்லை, கடன் வரலாறும் இல்லை என்றார்கள். அடியே, இருபது வருடம் ஒரு மாதம் தவறாமல் பில் தேதியை நினைவுபடுத்தியவள் நான். காசோலை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியவளும் நான்தான். கார்டில் என் பெயர் இருந்தது, கணக்கில் நான் இல்லை.

எனக்கு வந்த கோபம் எவ்வளவு பழையது என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் 1974 வரைக்கும், சொந்தமாகச் சம்பாதிக்கும் பெண்ணிடம் கூட கணவன் கையெழுத்தைக் கேட்க முடிந்தது. அந்த வருடம் வந்த சம வாய்ப்புக் கடன் சட்டம்தான் ஆண் பெண் என்றும், மணமானவர் ஆகாதவர் என்றும் பார்த்துக் கடன் மறுப்பதைத் தடுத்தது. இத்தனைக்கும் கார்டுக்குப் பின்னால் இருக்கும் கருப்புப் பட்டை ஒரு பெண் சொன்ன யோசனையால் ஒட்டியது. ஐபிஎம் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி, காந்த நாடாவைப் பிளாஸ்டிக்கில் ஒட்ட முடியாமல் 1960-களின் தொடக்கத்தில் திண்டாடினார். எந்தப் பசையும் நாடாவைக் கெடுத்தது. வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி டோரத்தியா, "இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பாருங்கள்" என்றார். ஒட்டிக்கொண்டது. இதைப் படித்த அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

உன் மகள் முதல் சம்பளம் வாங்கிய மூன்றாம் மாதமே வங்கி கார்டோடு வந்து நின்றதாக எழுதியிருந்தாய். அவர்கள் வழக்கமே அதுதான். 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் 60,000 பேருக்கு, யாரும் கேட்காமலேயே, கார்டைத் தபாலில் அனுப்பியது. 4 சதவீதம் பேர் தவணை தவறுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், கடைசியில் 22 சதவீதத்தைத் தொட்டது. ஆனாலும் அந்தக் கார்டு அழியவில்லை, இன்றைக்கு விசா என்ற பெயரில் இருக்கிறது. கேட்காதவர்களுக்குக் கார்டு அனுப்புவதை 1970-ல் அங்கே சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

அவள் கார்டு வைத்துக்கொள்வதை நீ தடுக்காதே. என் நிலை அவளுக்கு வர வேண்டாம். அவள் பெயரில், அவள் கணக்கில், அவளுக்கென்று ஒரு வரலாறு இருக்கட்டும். ஆனால் ஸ்டேட்மெண்டில் 'மினிமம் டியூ' என்று, அந்த மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டியதாக ஒரு சின்னத் தொகை போட்டிருப்பார்களே, அதை மட்டும் அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டு. நாம் இரண்டு பேரும் கணக்குப் படித்தவர்கள்தானே. மாதம் 3 சதவீத வட்டி, மினிமம் டியூ பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள். 100 கடன் இருக்கிறது, புதிதாக எதுவும் வாங்கவில்லை, ஒரு மாதம் கூடத் தவறாமல் மினிமம் கட்டுகிறாள். 32 மாதம் கழித்துப் பார்த்தால் சுமார் 120 கட்டியிருப்பாள். பாக்கி இன்னும் 50 இருக்கும்! நான் பென்சிலோடு இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்தது. மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகிறோம் என்ற நிம்மதியோடு அந்தப் பெண் கடனில் இருப்பாள். போதாக்குறைக்கு, முழுப் பாக்கியையும் தீர்க்காதவரை பொதுவாகப் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். முழுத் தொகையும் தானாகப் போகும்படி வங்கிக் கணக்கோடு இணைத்துவிடச் சொல். கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுக்கவே வேண்டாம்.

இன்னொன்று. ட்ரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற எம்ஐடி பேராசிரியர்கள் 2001-ல் வெளியிட்ட ஒரு சோதனை. கூடைப்பந்து ஆட்டத்துக்கான டிக்கெட்டை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். பாதிப் பேர் ரொக்கமாகக் கட்ட வேண்டும், பாதிப் பேர் கார்டில் கட்டலாம். கார்டுக்காரர்கள் கேட்ட விலை சராசரியாக இரு மடங்குக்கும் மேல். அதே டிக்கெட், அதே வகுப்புப் பிள்ளைகள். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது கைக்கு ஒரு வலி தெரிகிறது, கார்டில் அது தெரிவதில்லை. கார்டில் எது வாங்கினாலும் அன்றிரவே ஒரு நோட்டில் கையால் எழுதி வைக்கச் சொல். மற்றதெல்லாம் அவளே கற்றுக்கொள்வாள், கெட்டிக்காரி.

சரி, என் செய்தி. வங்கியில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததில் ஒரு அம்மாள் வழி சொன்னார். என் பெயரில் ஒரு பிக்சட் டெபாசிட் போட்டு, அதன் பேரில் ஒரு கார்டு வாங்கலாமாம். போட்டேன். போன செவ்வாய்க்கிழமை கார்டு வந்தது. என் பெயர் மட்டும். முதல் வேலையாக நான் என்ன செய்தேன் தெரியுமா? பதினாறு இலக்கத்தையும் தாளில் எழுதி, வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது இலக்கத்தில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து, இரண்டு இலக்கமாக வந்ததைக் கூட்டி ஒன்றாக்கி, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். பத்தால் மீதியில்லாமல் வகுபட்டது. ஹான்ஸ் பீட்டர் லூன் என்ற ஐபிஎம்காரர் 1954-ல் காப்புரிமை கேட்ட சூத்திரம் அது. கார்டு எண்ணின் கடைசி இலக்கம் இந்தச் சோதனைக்காகவே வைத்தது. ஒரு இலக்கத்தைத் தப்பாகத் தட்டினால் கட்டாயம் கண்டுபிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றினாலும் பிடித்துவிடும், 09-ஐ 90 ஆக்கினால் மட்டும் ஏமாந்துவிடும். ஏன் அது மட்டும் என்று நீயே போட்டுப் பார், வந்ததும் கேட்பேன்.

ஆமாம், வருகிறேன். கார்டில் முதல் செலவாக உன் ஊருக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை காலையில் இறங்குவேன், ஒரு வாரம் இருப்பேன். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், முழுத் தொகையும் கட்டப் பணமும் எடுத்து வைத்துவிட்டேன். இன்னொரு கிஃப்ட் கார்டு வாங்கி வைத்துவிடாதே. நாம் இரண்டு பேரும் சேர்ந்து கடைக்குப் போகலாம். நான் விட்டுவிட்டு வந்த மூன்றில் ஒன்றை நீ வாங்கிக் கொடு. முதல் பக்கத்தில் உன் கையால் என் பெயரை எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி